ஜெஸ்பின் வீட்டுக் கிணற்றில் கடல்

நண்டுப்பாறைக்குப் போகும் பாதையில் செல்வதாஸ் இரும்புக் கேட் போட்டுப் பூட்டிய மறுநாள் காலை, அங்கிருந்த கடல் ஜெஸ்பினின் கிணற்றுக்கு வந்துசேர்ந்தது. நடுவில் இரண்டு ஊர்களும் ஒரு ரப்பர் தோட்டமும் கிடந்தன. எங்கும் ஒரு சொட்டு ஈரமில்லை. முதலில் பார்த்தவள் நாத்தனார் சுஜி. மோந்த குடத்துக்குள் ஒரு சாளை மீன் துள்ளியது. தண்ணீர் உப்புக் கரித்தது. "மைனி, கெணறு கெட்டுப்போச்சு" என்று கத்தினாள்.

ஜெஸ்பின் மஸ்கட்டுக்கு வீட்டுவேலைக்குப் போய், அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குத் துணையாகக் கடலில் இறங்கி, கடைசியில் காற்றுச் சிலிண்டர் கட்டி முங்கவும் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் படித்துத் திரும்பியவள். குளச்சலுக்குத் தெற்கே நண்டுப்பாறைக் குடா அவளுக்குத் தோதாக இருந்தது. மூன்று பக்கமும் பாறை. அலை வாசலிலேயே உடைந்துவிடும். படகே வேண்டாம், புதிதாகப் படிப்பவர்கள் கரையிலிருந்து நடந்தே இறங்கலாம். கணுக்காலுக்கு மேல் கடல் நனைத்திராத நர்சுகளும் டீச்சர்களும் கல்யாணம் நிச்சயமான பெண்களும் அங்கே மீன்களுக்கு நடுவில் மூச்சுவிடப் பழகினார்கள். பொம்பிளைகளுக்கு இது எதற்கு என்று ஊரில் பேச்சு எழுந்தது, அடங்கியது, மறுபடி எழுந்தது. அவள் பாட்டுக்கு அவர்களைக் கடலில் இறக்கிக்கொண்டிருந்தாள். பிறகு செல்வதாஸ் குடாவுக்கு மேலிருந்த தோப்பை வாங்கி விடுதி கட்டினான். விடுதிக்காரர்களைத் தவிர யாரும் இறங்கக் கூடாது என்றான். ஜெஸ்பின் கேட்டைப் பிடித்துக்கொண்டு நியாயம் கேட்டாள்.

"கடல் என்ன, ஒனக்க அப்பன் வீட்டுச் சொத்தா?" என்றான்.

"எனக்க அப்பனுக்கும் இல்ல, ஒமக்க அப்பனுக்கும் இல்ல. அது எங்க கெடக்கோ அங்க நான் எறங்குவேன்."

அது கிணற்றில் கிடந்தது. தென்னைக்குப் பாய்ச்ச அந்தக் காலத்தில் வெட்டிய அகலமான படிக்கிணறு. சிலிண்டரை மாட்டிக்கொண்டு இறங்கினாள். கடைசிப் படிக்குக் கீழே சுவர் முடிந்து, நண்டுப்பாறையின் அடிவாரம் அப்படியே விரிந்தது. விலாங்கு குடியிருக்கும் பிளவைக் கையால் தடவிப் பார்த்தாள். விலாங்கும் இருந்தது. முகமூடிக்குள் தண்ணீர் ஏறியபோதுதான் தான் அழுவது அவளுக்குத் தெரிந்தது.

அங்கே குடா காய்ந்து கிடந்தது. கடல் வாசல்பாறைக்கு வெளியே நின்றுகொண்டு உள்ளே வர மறுத்தது. விடுதிக்கு வந்தவர்கள் சேற்று நாற்றத்தைப் படம்பிடித்துவிட்டு ஊர் திரும்பினார்கள். இங்கே கிணற்றில் கடலின் வேலியேற்றமும் இறக்கமும் முறைப்படி நடந்தன. துவைக்கிற கல்லில் நண்டு வெயில் காய்ந்தது. குடிதண்ணீர் போய்விட்டதென்று அண்டை வீட்டார் கோபப்பட்டார்கள். அது நியாயமான கோபம் என்பதால், ஜெஸ்பின் தினமும் பஞ்சாயத்துக் குழாயில் வரிசை நின்று அவர்கள் வீடுகளுக்குக் குடம் சுமந்தாள். பத்மநாபபுரத்திலிருந்து வந்த அஜிதா டீச்சர் படியில் நின்று, "இது கெணறா, கடலா?" என்று நடுங்கினாள். "எறங்கிப் பாத்துட்டுச் சொல்லுங்க டீச்சர்" என்றாள் ஜெஸ்பின். டீச்சர் சிரித்துக்கொண்டே மேலே வந்தாள். எது என்று சொல்ல மறந்துவிட்டாள்.

கிணற்றைத் தூர்க்கச் செல்வதாஸ் ஒரு லாரி நிறையக் கல் அனுப்பினான். ஜெஸ்பின் டிரைவரிடம், "கொட்டணும்னா எனக்க தலையில கொட்டும்" என்று சொல்லிவிட்டு, தண்ணீருக்குள் போய் உட்கார்ந்துகொண்டாள். அஜிதா டீச்சர் பின்னாலேயே இறங்கினாள். படிக்க வந்திருந்த மற்ற பெண்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். கிணறு உலைப்பானைபோல் குமிழியிட்டது. சிலிண்டரில் ஒரு மணிநேரத்துக்குத்தான் காற்று இருக்கும். அன்று அந்தி சாயும்வரை ஒருத்தியும் மேலே வரவில்லை, காற்றும் குறையவில்லை. டிரைவர் சிலுவை போட்டுக்கொண்டு வண்டியைத் திருப்பினார்.

அடுத்த வாரம் செல்வதாஸ் கேட்டைக் கழற்றினான். சாயங்கால ஏற்றத்தோடு கடல் குடாவுக்குத் திரும்பியது. ஆனால் கிணற்றை விட்டும் அது போகவில்லை. போகும்படி ஜெஸ்பினும் கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது படிக்க வருகிறவர்கள் கிணற்றுப் படியில் இறங்கி நண்டுப்பாறையில் கரையேறுகிறார்கள். அங்கிருந்து மாற்றுடை இல்லாமல் சிலிண்டரும் கால்துடுப்புமாக டவுன் பஸ்ஸில் திரும்புகிறார்கள். சீட்டு நனைகிறதென்று முதலில் சண்டை போட்ட கண்டக்டர்கள், இப்போது பின்வரிசையில் தார்ப்பாய் விரித்துவைக்கிறார்கள்.