புதுச் சிவப்பு ஷூ

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். அந்த வாய்தான் அன்று ஒரு பெண்ணைத் தண்ணீருக்குக் கொடுக்கப் பார்த்தது.

எல் சால்வடோரிலிருந்து வந்த ஒன்பது பேரை எங்கள் காட்டுக் குகைக்குக் கூட்டிப்போனேன். மார்பளவு ஆற்றைக் கடந்தால் உள்ளே ஒரு பாறைத் திட்டு. அதற்கு மேலே ஆயிரம் வருஷத்துப் பானைகளும் எலும்புகளும். ஷூ பட்டால் நொறுங்கிவிடும் என்று, திட்டிலேயே கழற்றிவைத்துவிட்டுக் காலுறையோடுதான் ஏற வேண்டும். வழிகாட்டிகள் நாங்கள் இருட்டில் தலையை எண்ணுவதில்லை. திட்டில் ஷூ மிச்சமிருந்தால் மேலே ஆள் மிச்சமிருக்கிறது, அவ்வளவுதான் கணக்கு.

தனியாக வந்திருந்த அமிந்தா அம்மா புத்தம்புதுச் சிவப்பு ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"பத்திரம்மா! இங்க செத்துக்கிடக்கறவங்க யாருக்கும் ஷூ கிடையாது. புதுசுன்னா தூக்கிட்டுப் போயிடுவாங்க."

"அட போப்பா, என் பொண்ணு முதல் சம்பளத்துல வாங்கிக்கொடுத்தது!"

எல்லோரும் சிரித்தார்கள்.

மேலே மண்டையோடுகளைக் காட்டிக்கொண்டிருந்தபோது ஆற்றின் சத்தம் மாறியது. எங்கோ மலையில் மழை. வெள்ளம் வந்தால் வாசல் கூரைவரை அடைத்துக்கொள்ளும்.

"இறங்குங்க! சீக்கிரம்!"

முன்னால் ஓடிக் கயிறு கட்டினேன். ஆளாளுக்கு ஷூவை மாட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்கள். கடைசியாகத் திட்டில் விளக்கடித்தேன். ஒரு ஷூகூட இல்லை. நானும் இறங்கினேன்.

வெளியே, துண்டு கொடுத்துக்கொண்டிருந்த டிரைவர் எலியாசர் விழித்தான். "ஒவீதியோ அண்ணே, ஒரு துண்டு மிச்சமிருக்கே?"

"ஒழுங்கா எண்ணுடா. ஷூ இல்லைன்னு நானே பாத்தேன்."

"ஷூ கிடக்கட்டும். அந்தச் சிவப்பு ஷூ அம்மா எங்க?"

உயிரே போய்விட்டது. திரும்பப் பாய்ந்தேன். கூரைக்கும் தண்ணீருக்கும் நடுவே ஒரு சாண்தான். மூக்கை மட்டும் மேலே தூக்கிக்கொண்டு, தெரிந்த சாமிகளையெல்லாம் கூப்பிட்டபடி கயிற்றோடு போனேன்.

பானைகளுக்கு நடுவே பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"கால் பிசகிடுச்சு. கத்தினேன், யாருக்கும் கேக்கலை."

பைக்குள் சிவப்பு தெரிந்தது. "அதை ஏம்மா மேல தூக்கிட்டு வந்தீங்க? கீழ ஷூவைப் பாத்துத்தானே ஆளை எண்ணுவோம்!"

"நீதானேப்பா தூக்கிட்டுப் போயிடுவாங்கன்னு சொன்னே."

எனக்குப் பின்னால் வாசல் அடைத்துக்கொண்ட சத்தம் கேட்டது. அவர் ஷூவை எடுத்து நீட்டினார்.

"இப்பவாவது திட்டுல வச்சுட்டு வா. தேடி வர்றவங்களுக்கு நாம இருக்கறது தெரியட்டும்."

கீழே விளக்கடித்தேன். திட்டைக் காணோம். தண்ணீர் முதல் பானையைத் தொட்டுவிட்டிருந்தது.