எல்லாருக்கும் திறந்த ஃபோல்டர்

கட்டப்போகும் வீட்டின் படத்தில் சமைக்கிற குசினியின் ஜன்னல் இடம் மாறியிருந்தது. வாசல் பக்கம் துஷ்யந்தி வைத்த ஜன்னல் எப்படியோ பின்சுவருக்குப் போயிருந்தது.

தெரணியகலைக்கு மேலே, தேயிலைத் தோட்டத்தில் வீடு கட்ட ஏழு பேர்ச் காணி கிடைத்ததிலிருந்து அவளுக்கு இதே வேலை. முன்பள்ளியில் படிப்பித்துவிட்டு வந்ததும், தொழிலாளர் வரிசை வீடான லயத்து அறையின் மூலையிலிருக்கும் கம்ப்யூட்டரில் வீடு வரைவாள். புருஷன் கிருஷாந்த் தன் லெப்டொப்பில் பார்ப்பதற்காக அந்த ஃபோல்டரை நெட்வேர்க்கில் பகிர்ந்திருந்தாள். ஒவ்வொருவர் பெயராகப் போட்டு அனுமதி கொடுக்கச் சொன்னது கம்ப்யூட்டர். யாருக்குப் பொறுமை? ‘எல்லாரும்’, ‘முழு அதிகாரம்’ என்று அழுத்திவிட்டு உலை வைக்கப் போய்விட்டாள்.

வேறு இடமென்றால் அது வீட்டுக்குள்ளேயே நின்றிருக்கும். இங்கே மூன்று வீட்டுக்கு ஒரே வைஃபை. அதன் பெட்டி பக்கத்து வீட்டு ஏழுமலையின் சுவரில் தொங்குகிறது. ஆக, ‘எல்லாரும்’ என்றால் லயத்தில் பாதி.

படத்தில் இரண்டு படுக்கையறை. ஒன்று அவர்களுக்கு, ஒன்று பிறக்கப்போகும் பிள்ளைகளுக்கு. கிருஷாந்தின் தங்கை ஷாமிளாவுக்கு எங்கே என்று ஆரம்பத்திலேயே துஷ்யந்தி கேட்டாள்.

“வீடு முடியறதுக்குள்ள கல்யாணம் ஆயிரும்ல. போற பொண்ணுக்கு எதுக்கு ரூம்?” என்றான் அவன்.

ஷாமிளாவுக்கு முப்பத்துமூன்று வயது. பெண் பார்க்க வந்தவர்கள் தேத்தண்ணி குடித்துப் போனதோடு சரி. அறையை இரண்டாகப் பிரித்த சீலைத் திரைக்கு அந்தப் பக்கம்தான் அவள் இருந்தாள். சீலை வழியாகப் பேச்சு கேட்கும் என்று அண்ணன்காரனுக்குத் தோன்றவேயில்லை.

“ஜன்னல நீங்களா மாத்துனீங்க?” என்று இப்போது புருஷனைக் கேட்டாள் துஷ்யந்தி.

“எங்க இருந்தா எனக்கென்ன?” என்றான் கிருஷாந்த். கூரை இருந்தால் போதும் என்கிற ஆள்.

மறுநாள் படத்தில் குளியலறைக் கதவு திரும்பியிருந்தது, முன்வாசலைப் பார்க்காதபடி. துஷ்யந்திக்குக் கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. இரண்டுமே நல்ல திருத்தம். அடுப்புப் புகையில் நின்று பழகிய யாரோ செய்தது. யார் அது? மண்டை குடைந்தது. எதிலும் வாய் திறக்காத ஷாமிளாவைக் கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. ஏழுமலையைக் கேட்டாள்.

“பாத்தேன் தாயி, எங்க டிவியிலயே தெரியுதே. ஆனா பாக்கத்தான் முடியும். மாத்த முடிஞ்சா மொதல்ல கக்கூஸத்தான் மாத்தியிருப்பேன். சாமி மூலையில வச்சிருக்கீங்க.”

இதைக் கேட்ட கிருஷாந்த், பார்க்க மட்டும் அனுமதி போதும் என்று சொல்லிவிட்டான். அப்படியே செய்தாள். அந்த வாரம் முழுக்கப் படத்தில் ஒரு கோடும் அசையவில்லை. நிம்மதிக்குப் பதில் சப்பென்றிருந்தது. கடைசியில் புருஷனுக்குச் சொல்லாமல் மறுபடி திறந்துவிட்டாள். ஃபோல்டரை எந்தக் கம்ப்யூட்டர் திறக்கிறது என்று காட்டும் பக்கத்தையும் தேடிப் பிடித்து, அதன் முன்னால் உட்கார்ந்துகொண்டாள்.

சாயங்காலம் ஒரு பெயர் வந்தது: ‘மக்கீன்-2’.

மக்கீன் நானா டவுனில் ஃபோட்டோகொப்பி எடுக்கிற கொம்யூனிகேஷன் கடை வைத்திருப்பவர். அவருக்கு இந்தக் குசினியில் என்ன வேலை? யோசித்தபோதுதான் நினைவு வந்தது. ஷாமிளா வேலை செய்வது அவர் கடையில். கடையில் பழசாகிப்போன லெப்டொப் ஒன்றை நானா அவளுக்குக் கொடுத்திருந்தார். அதன் பெயரை மாற்ற யாரும் மெனக்கெடவில்லை. சீலைத் திரைக்கு அப்பால் மவுஸ் சத்தம் கேட்டது.

படத்தைத் திறந்தாள். ஸ்டோர் ரூமில், சுவரோடு ஒட்டி ஒரு ஒற்றைக் கட்டில். விறகுக்கென்று துஷ்யந்தி வரைந்திருந்த தட்டைக்கூட நகர்த்தவில்லை. மிஞ்சிய இடத்தில் தன்னைப் பொருத்திக்கொண்டிருந்தாள் ஷாமிளா.

துஷ்யந்திக்கு வெட்கமாக இருந்தது. ஓடிப்போய்க் கட்டிப்பிடித்து அழுவதெல்லாம் அவளுக்கு வராது. ஸ்டோர் என்ற சொல்லை அழித்து ‘ஷாமிளா’ என்று எழுதினாள். தங்கள் படுக்கையறையில் மூன்றடியை வெட்டி அந்த அறையோடு சேர்த்தாள். விறகுத் தட்டு வெளியே போனது. பிறகு ‘எல்லாரும்’ என்பதை எடுத்துவிட்டு, இந்த முறை பொறுமையாகப் பெயர்களைப் போட்டாள். கிருஷாந்துக்குப் பார்க்க மட்டும். ஷாமிளாவுக்கு முழு அதிகாரம்.

“ஷாமிளா,” என்றாள் சீலைத் திரையைப் பார்த்து. “இனிமே உள்ள போக பாஸ்வேர்ட் கேக்கும். அதுக்கு ஒன் பேரத்தான் போட்டிருக்கேன்.”

மவுஸ் சத்தம் நின்றது.

“சரி, அண்ணி,” என்றது கம்மிய குரல்.

பிறகு தட்டெழுதும் சத்தம். பிறகு சீலைத் திரை விலகியது.

“அண்ணி, என் ரூமுக்கு ஜன்னல் எந்தப் பக்கம் வைக்கலாம்?”