கண் மூடியிருக்கும்வரை

பாப்பா லேசாக முனகினாலே அப்பாக்காரன் தூக்கிவிடுவான். நல்ல தூக்கத்தில் இருக்கிற குழந்தை முழித்து வீரிட்டு அழும். பிறகு அம்மா வந்து பால் கொடுத்தால்தான் அடங்கும்.

இன்று அம்மா பக்கத்தில் இருக்கப்போவதில்லை. பிரசவத்துக்குப் பிறகு முதல் முறையாக, அரை நாள் மட்டும், அவள் பார்லர் வேலைக்குக் கிளம்பினாள். பாதியில் ஓடிவர நேர்ந்தால் அந்த வேலை வேறொருத்திக்குப் போய்விடும்.

"கண்ணு மூடியிருந்தா தொடாதீங்க," என்றாள் செருப்பை மாட்டியபடி. "அது தூக்கத்துல போடுற சத்தம்னு நர்ஸம்மா தலைபாடா அடிச்சுக்கிட்டாங்க."

"மூச்சுத் திணறுற மாதிரி இருக்கேடி."

"நீங்க பிளம்பர்தானே? தண்ணி வர்றதுக்கு முன்னாடி குழாய் கடகடன்னு கத்தினா உடனே கழட்டிப் போட்டுடுவீங்களா?"

"காத்து போகட்டும்னு விட்டுடுவேன்."

"அப்ப இவளையும் விடுங்க, சாமி."

அவள் போன கொஞ்ச நேரத்தில் பாப்பா உறுமத் தொடங்கினாள். உறுமல் செருமலாகியது. முகம் சிவந்தது, கால்கள் வயிற்றோடு மடங்கின. அவன் தொட்டிலுக்குள் கையை நீட்டினான். கண்கள் மூடியிருந்தன. கையை இழுத்துக்கொண்டு, நெஞ்சு ஏறி இறங்குவதையே பார்த்து நின்றான். அவனுக்குத்தான் வியர்த்தது.

டுர்ரென்று ஒரு சத்தம் வந்தது. பாப்பாவின் முகம் தெளிந்தது. உதட்டைச் சப்பிக்கொண்டு தூக்கத்தைத் தொடர்ந்தாள்.

போன் அதிர்ந்தது. மனைவிதான்.

"அழறாளா? நான் கிளம்பவா?"

"நீ வேலையைப் பாரு," என்று கிசுகிசுத்தான். "நாளைக்கு முழு நாளும் வரேன்னு சொல்லிடு."