ஏழாம் எண் வில்லை

கிழக்கு வெளுப்பதற்கு முன்பே லாரி வந்து நின்றுவிட்டது. பின்கதவைத் திறந்தால் முதலில் இறங்குவது துணியல்ல, நாற்றம்தான். பெரிய ஆஸ்பத்திரியில் முந்தின நாள் முழுக்கப் படுத்துக் கிடந்தவர்களின் ரத்தமும் சீழும் மூத்திரமும் மருந்தும் மூட்டைக்குள் ஓர் இரவு ஊறி, குடலைப் பிடுங்குகிற வாடையாக இறங்கும். சலவைக்கூடத்துப் பத்தொன்பது பேரும் வாயால் மூச்சு விட்டுக்கொண்டு மூட்டைகளை இழுத்துப் போட்டார்கள். பிரித்து, உதறி, ஊசி ஏதும் சிக்கியிருக்கிறதா என்று தடவிப் பார்த்து, வெந்நீர்த் தொட்டிக்குள் தள்ள வேண்டும். பார்க்காமல் தள்ளி விரலைக் குத்திக்கொண்டவர்கள் அங்கே நாலு பேர் இருந்தார்கள்.

கூடத்தின் நடுவில் இஸ்திரி உருளை, நீராவியில் காய்ந்து சுழலும் பெரிய இரும்பு. ஈரமான படுக்கை விரிப்பின் இரண்டு முனைகளை இரண்டு பேர் பிடித்து, ஒரே வேகத்தில் அதற்கு ஊட்ட வேண்டும். ஒருத்தி அரை நொடி பிந்தினால் துணி கோணிக்கொள்ளும். கையை எடுக்கப் பிந்தினால் கையே உள்ளே போகும். இரைச்சலில் பேச முடியாது. எதிரில் நிற்பவளின் தோளைப் பார்த்துத்தான் வேலை.

அந்த உருளையில் பதினோரு வருஷம் நின்றவள் அவள். கைவேகத்தைப் பார்த்து அவளுக்கு எக்ஸ்பிரஸ் என்று பட்டம் வைத்தவர் பாய்லர்காரர். எதிர்முனையில் நிற்பது அவளுடைய நாத்தனார். வீட்டில் குழம்புக்கு உப்பு போடுவதில்கூட ஒத்துப்போகாத இரண்டு பேர் இங்கே மட்டும் எப்படித்தான் ஒத்துப்போகிறார்களோ என்று கூடமே கேலி பேசும். ஆனால் இப்போது எக்ஸ்பிரஸ் உருளைப் பக்கம் இல்லை. பின்வாசலை ஒட்டிக் காற்று வருகிற இடத்தில், மடிப்பு மேஜைக்கு முன்னால் முக்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் வலது கண்ணில் புகை மூடியது. தூசி என்று கழுவிக்கொண்டாள். அப்புறம் பாதம் மரத்தது, செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் தெருமுனை வரை நடந்தாள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்று சொன்ன டாக்டரம்மா நல்லவர், புரிகிற மாதிரி சொன்னார். நரம்பு ஒயர் மாதிரி, அதன்மேல் இருக்கும் உறையை உடம்பே கடித்துத் தின்கிறது, உறை போன இடத்தில் கரண்ட் சரியாகப் போகாது. ஒரு நாள் போகும், ஒரு நாள் போகாது. சூடு பட்டால் சுத்தமாகப் போகாது. தீர்க்க மருந்தில்லை, மேலும் தின்னாமல் தடுக்க மாதம் ஓர் ஊசி உண்டு.

ஊனச் சான்றிதழ் இருந்ததால் அந்த ஊசி அவளுக்கு இலவசமாகக் கிடைத்தது. சான்றிதழ் வைத்திருப்பவரைச் சூட்டில் நிறுத்தக் கூடாது என்ற சட்டத்தால் முக்காலியும் கிடைத்தது. அவள் காலில் நிற்பதும் நிற்காததும் அந்த ஒரு தாளில் இருந்தது.

முதலாளி முக்காலி கொடுத்தாரே தவிர, அளவைக் குறைக்கவில்லை. நாளொன்றுக்கு முப்பது கட்டு மடிக்க வேண்டும். ஒவ்வொரு கட்டிலும் மடித்தவரின் எண் போட்ட தகர வில்லையைத் தொங்கவிட வேண்டும். அவளுடையது ஏழு. விரல் ஒத்துழைக்காத நாட்களில் அவளுக்குப் பதினைந்தே மலையாக இருக்கும். அப்போது காதும் காதும் வைத்த மாதிரி ஒரு காரியம் நடக்கும். கடந்து போகிறவர்கள் தாங்கள் மடித்த கட்டில் ஏழாம் எண் வில்லையை மாட்டிவிட்டுப் போவார்கள். யாரும் கூடிப் பேசி முடிவு செய்ததில்லை. முதலாளி இதையெல்லாம் பார்க்கப் போவதுமில்லை. நாற்றத்துக்குப் பயந்து கண்ணாடி அறையை விட்டு வரவே மாட்டார், வந்தாலும் மூக்கில் சென்ட் கைக்குட்டை இருக்கும். கூடத்தில் அவர் பெயரே கைக்குட்டைதான்.

இப்படி ஓடிக்கொண்டிருந்த பிழைப்பில்தான் அரசாங்கம் ஓர் ஆணையைக் கொண்டுவந்து போட்டது. ஏற்ற இறக்கமுள்ள நோய்களை நிரந்தர ஊனமாகக் கருத முடியாதாம். பழைய சான்றிதழ்கள் எல்லாம் ரத்து, அனைவரும் மறுமதிப்பீட்டுக்கு வர வேண்டும், வரத் தவறினால் தகுதியிழப்பு. அந்தத் தாளை எழுதிய மகராசன் எந்த நாற்காலியில் சாய்ந்துகொண்டு எழுதினானோ. நோய் ஏறி இறங்குகிறது என்பது அவனுக்கு நோயாளி செய்கிற தந்திரமாகப் பட்டிருக்கிறது.

கூடத்துக்காரர்கள் அவளை அனுப்பத் தயாரானார்கள். அங்கேதான் தப்பு நடந்தது. அவர்களுடைய தொழில் அப்படி. எவ்வளவு அழுக்காக உள்ளே வந்தாலும் வெளியே போகும்போது ஒரு கறை இருக்கக் கூடாது, ஒரு சுருக்கம் இருக்கக் கூடாது. நாத்தனார் முன்னால் நின்று எல்லாம் செய்தாள். மூன்று நாள் அவளைப் படுக்கையை விட்டு எழ விடவில்லை. மூன்று நாள் கட்டுகளையும் மற்றவர்கள் மடித்து ஏழாம் எண்ணை மாட்டினார்கள். அன்று காலை பச்சைத் தண்ணீரில் குளிப்பாட்டி, கழுத்தில் ஈரத் துண்டு சுற்றி, விறைப்பாக இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிவிட்டு, பெரிய மனுஷர்கள் இருக்கிற இடத்தில் விழுந்து வைக்காதே என்று புத்தி சொல்லி வண்டியில் ஏற்றினாள்.

மதிப்பீட்டுக் கூடம் குளிரூட்டப்பட்டிருந்தது. தரையில் மஞ்சள் கோடு, இருபது மீட்டர். நடக்கச் சொன்னார்கள். மூன்று நாள் ஓய்வும் குளிரும் சேர்ந்து கால் அன்றைக்கென்று சொன்ன பேச்சைக் கேட்டது. அவள் நடந்தாள். சட்டைப் பொத்தானைப் போட்டுக் காட்டினாள். இதற்கு முன்னால் யாரிடமும் முடியவில்லை என்று சொல்லிப் பழக்கமில்லாதவள், வேலை செய்ய முடிகிறதா என்று கேட்டபோது சமாளிக்கிறேன் என்றாள். கேட்டவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை, கட்டத்தில் ஒரு டிக் போட்டான்.

வீட்டு வாசற்படி ஏறும்போது கால் மடிந்தது. இரண்டு நாள் கட்டிலோடு கிடந்தாள். அந்த இரண்டு நாளை அளக்க எந்தக் கூடத்திலும் கோடு போட்டு வைத்திருக்கவில்லை.

பதினைந்தாம் நாள் கடிதம் வந்தது. அதன் முதல் வார்த்தை, வாழ்த்துகள். தாங்கள் முழுமையாக உழைக்கத் தகுதியானவர் என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறோம். இருபது மீட்டர் தடையின்றி நடந்துள்ளீர்கள், தினம் முப்பது கட்டு முடித்ததாக நிறுவனத்தின் பதிவேடு காட்டுகிறது, ஆகவே ஊனம் இல்லை. ஊசிக்கான அனுமதி அன்றே நின்றுவிட்டது. வயிற்றில் அடித்தால்கூட அவளுக்கு இவ்வளவு கசந்திருக்காது. அடித்துவிட்டு வாழ்த்தும் சொல்கிறார்களே.

முதலாளி அவளைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டு, நாளையிலிருந்து உருளைக்குப் போகச் சொன்னார்.

"சூடு எனக்கு ஆகாதுங்க. உங்களுக்கே தெரியும்."

"எனக்கு என்னம்மா தெரியும்? கவர்மெண்டே நல்லா இருக்கேன்னு எழுதிக் குடுத்திருக்கு. அதைவிடப் பெரிய டாக்டரா நான்?"

"முக்காலியாவது..."

"முக்காலி சட்டத்துக்காகக் குடுத்தது. சட்டம் போயிடுச்சு, முக்காலியும் போயிடுச்சு." கைக்குட்டை மூக்குக்குப் போனது. அவள் அழுக்குத் துணியைத் தொட்டவள், நாற்றம் அடித்திருக்கலாம்.

முதல் இரண்டு நாள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் நாள் பத்து மணி வாக்கில் பாதத்தில் இருந்து மரப்பு ஏறியது. கண்ணில் புகை மூடியது, எதிரே நாத்தனாரின் தோள் கலங்கிய நிழலாகத் தெரிந்தது. விரிப்பின் முனையை விடச் சொல்லி மூளை சொன்னதும் அவளுக்குத் தெரிந்தது, விரல் கேட்காததும் தெரிந்தது. துணியோடு கை உருளையை நோக்கிப் போனது. நாத்தனார் குறுக்கே பாய்ந்து அவளை மார்போடு தள்ளினாள். இருவரும் சாய்ந்தார்கள். நாத்தனாரின் முன்னங்கை உருளையின் பக்கவாட்டில் ஒரு சாண் நீளத்துக்கு ஒட்டி, உரிந்து வந்தது. பாய்லர்காரர் ஓடிவந்து நீராவியை அடைத்தார்.

முதலாளி அறையை விட்டு வெளியே வந்து, எட்டி நின்று பார்த்துவிட்டு, விபத்துக்குக் காரணம் தொழிலாளியின் கவனக்குறைவு என்று எழுதச் சொன்னார். மத்தியான லாரிக்குத் துணி போயாக வேண்டும் என்றும் சொன்னார்.

தேநீர் நேரத்தில் எல்லாரும் பாய்லர் அறைப் பக்கம் கூடினார்கள். கடிதத்தின் அடியில் குறித்திருந்த மேல்முறையீட்டு விசாரணைக்கு இன்னும் பத்து நாள் இருந்தது. கடிதத்தைப் பாய்லர்காரர் சத்தமாகப் படித்தார். தினம் முப்பது கட்டு என்ற இடம் வந்ததும் குரல் இறங்கியது. யாரும் யாரையும் பார்க்கவில்லை. அவளை மூன்று வருஷம் காப்பாற்றிய வில்லைதான் இப்போது அவளுக்கு எதிராகச் சாட்சி சொல்லியிருக்கிறது என்று ஒவ்வொருவருக்கும் புரிந்தது.

உண்மையைச் சொல்ல ஒரே வழிதான் இருந்தது. கட்டு எங்களுடையது, எண்ணை மட்டும் மாற்றினோம் என்று முதலாளிக்கு எதிரிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். ஒப்புக்கொண்டால் பொய்ப் பதிவு என்று எல்லாரையும் வெளியே தள்ள அவருக்கு அது போதும். அழுக்குப் பிரிக்கிற விதவைப் பெண் எழுந்தாள். மூன்று பிள்ளைகளை வைத்துக்கொண்டு தன்னால் இந்த வீரமெல்லாம் காட்ட முடியாது என்று நேராகவே சொல்லிவிட்டுப் போனாள். அவள்மேல் யாருக்கும் கோபம் வரவில்லை.

எக்ஸ்பிரஸுக்குத் தாங்கவில்லை. தன் ஒருத்திக்காக யார் வேலையும் போக வேண்டாம், ஊசி இல்லாமல் எத்தனை நாள் ஓடுமோ ஓடட்டும் என்றாள்.

நாத்தனார் கட்டுப்போட்ட கையைத் தூக்கி அவளை அடக்கினாள். "சும்மா இரு அண்ணி. உன்னைக் குளிப்பாட்டி, இஸ்திரி போட்டு, சுருக்கம் இல்லாம அவனுங்க முன்னாடி நிறுத்தினது நாங்க. உன் நோவை மூணு வருஷமா மறைச்சு வச்சதும் நாங்க. உன் நோவு என்ன, எங்க மானத்துல விழுந்த கறையா? மறைச்ச வரைக்கும் போதும்."

பாய்லர்காரர், இது அவள் ஒருத்தி விஷயமில்லை என்றார். அவர் நெஞ்சில் இருபது வருஷத்து ஆவி இருக்கிறது, சலவைத் தொட்டிக்காரன் கையில் வெளுப்பு மருந்து தின்ற புண் இருக்கிறது. நாளைக்கு இவர்களையும் ஒரு நல்ல நாளாகப் பார்த்து, குளிர்ந்த அறையில் நடக்கவிட்டு, வாழ்த்துக் கடிதம் அனுப்ப எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டார். தேநீர் டம்ளரைக் கழுவிவிட்டு எழுந்தபோது எக்ஸ்பிரஸோடு மற்ற பதினேழு பேரும் விசாரணைக்குப் போவதென்று முடிவாகியிருந்தது.

மேல்முறையீட்டு நாளில் லாரி வந்து நின்றது, அழுக்குப் பிரிக்கிற ஒருத்தியைத் தவிர துணியை இறக்க ஆளில்லை. உருளை குளிர்ந்து கிடந்தது. விசாரணை அறையில் அதிகாரி ஒரு மேஜைக்குப் பின்னால் இருந்தார். பதிவேட்டோடு முதலாளி பக்கத்து நாற்காலியில் இருந்தார். எக்ஸ்பிரஸ் இந்த முறை ஓய்வெடுத்துக்கொண்டு வரவில்லை, வெயிலில் பஸ்ஸில் வந்திருந்தாள். நாத்தனாரின் தோளைப் பிடித்துக் காலை இழுத்து இழுத்து வந்து பெஞ்சில் விழுந்தாள். பின்னாலேயே பதினாறு பேர் நுழைந்ததும் அதிகாரி முகத்தைச் சுளித்தார். சாட்சிக்கு ஓர் ஆள்தான் விதி என்றார்.

"அப்ப எங்க எல்லாரையும் சேர்த்து ஒரே ஆளுன்னு எழுதிக்குங்க சார்," என்றாள் நாத்தனார். "அந்தப் புத்தகத்துல ஏழாம் எண்ணுன்னு இருக்கிற கட்டுல பாதி நான் மடிச்சது."

முதலாளி எழுந்துவிட்டார். "இது மோசடி, தெரியுமா? இன்னிக்கே வேலையை விட்டு அனுப்புவேன்."

"அனுப்புங்க. எத்தனை பேருன்னு மட்டும் சரியா எண்ணிக்குங்க," என்று பாய்லர்காரர் முன்னால் வந்தார். வேலை முடிந்த பிறகு மடிப்பு மேஜைக்குப் போய்த் தான் மடித்த நாட்களைச் சொன்னார். சலவைத் தொட்டிக்காரன் சொன்னான். ஒருவர் முடித்ததும் அடுத்தவர் வந்தார். எந்த நாள், எத்தனை கட்டு, அன்றைக்கு அவளுக்குக் கண் தெரியவில்லையா, விரல் வரவில்லையா என்று ஒவ்வொருவரும் சொன்னார்கள். அவள் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தாள். தன் நோயை இத்தனை பேர் இவ்வளவு நுணுக்கமாகக் கவனித்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் தெரியாது. அழுகை வந்தது, அடக்கவில்லை.

அதிகாரி அவளைப் பார்த்தார். மதிப்பீட்டில் சமாளிக்கிறேன் என்று சொன்னது அவள்தானே என்று கேட்டார்.

"பொய் சொன்னேன் சார். முடியலைன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. இப்ப சொல்றேன், என்னால முடியல. அளக்கணும்னா பகல் ரெண்டு மணிக்கு உருளைப் பக்கம் வந்து அளங்க. நீங்களும் கூட நில்லுங்க."

அதிகாரிக்கு அதற்கு ஒரு விதியும் கைவசம் இல்லை. மனு மேலிடத்துக்குப் போகும், முடிவு தெரிய மூன்று மாதம் ஆகலாம், அதுவரை ஊசிக்கு அனுமதி இல்லை, எல்லாரும் போகலாம் என்று பேனாவை மூடினார். யாரும் போகவில்லை. சொன்னதெல்லாம் எழுத்தில் ஏறி, கீழே கையெழுத்து விழுகிற வரை நகர்வதாக இல்லை என்று பாய்லர்காரர் சொன்னார். பெஞ்சில் இடம் இல்லாதவர்கள் தரையில் உட்கார்ந்தார்கள். முதலாளி கைக்குட்டையை எடுத்தார்.

அப்போது கதவு திறந்தது. அழுக்குப் பிரிக்கிற பெண் மூச்சு வாங்க நின்றாள். கூடத்திலிருந்து அப்படியே நடந்து வந்திருந்தாள், கையுறையைக்கூடக் கழற்றவில்லை. அவளோடு மூட்டை நாற்றமும் உள்ளே வந்தது. அவள் யாரையும் பார்க்காமல் நேராக மேஜைக்குப் போனாள்.

"வியாழக்கிழமைக் கட்டெல்லாம் நான் மடிச்சது," என்றாள். "பேனாவைத் திறங்க சார்."