முன்னூற்றுப் பன்னிரண்டு பேருக்குத் தெரிந்த கடி

கீரி என்ற கடற்கரைக் கிராமத்தில் இருக்கும் செபமாலை முப்பத்தோரு வருடம் தபாற்கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். யாருக்கு எந்த நாட்டிலிருந்து கடிதம் வந்தது, யாருடைய கலியாணப் பேச்சு எந்தத் தந்தியோடு முறிந்தது என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவருடைய மனைவி அஞ்சலாவுக்குக்கூட அதில் ஒரு வார்த்தை தெரியாது. அப்படி வாயைக் கட்டி வாழ்ந்த மனிதரை ஒரு செவ்வாய்க்கிழமை காலை கழுதை கடித்துவிட்டது.

கடித்த இடம் பின்பக்கம். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஓய்வுக்குப் பிறகு அவர் ஏற்றிருந்த ஒரே பதவி, கழுதைகள் பாதுகாப்புச் சங்கத்தின் செயலாளர் பதவி. "எங்கட கழுதையள் சாதுவான சீவன்கள். இண்டுவரைக்கும் ஒருத்தரையும் கடிச்சதாய்ப் பதிவில்லை" என்று முந்தாநாள் கூட்டத்தில்தான் முழங்கியிருந்தார். செவ்வாய் காலை கடற்கரைக்குப் போனபோது, ஒரு கழுதையின் காலில் நைலோன் வலைத்துண்டு சுற்றியிருந்ததைக் கண்டு, அதை அவிழ்க்கக் குனிந்தார். அந்தக் கழுதை பாவம், அசையாமல்தான் நின்றது. கடித்தது பின்னால் நின்ற அதன் கூட்டாளி.

வீட்டுக்கு வந்தவர் உடுத்திருந்த சாரத்தை மாற்றிக்கொண்டு, "முதுகுப் பிடிப்பு" என்று அஞ்சலாவிடம் சொல்லிவிட்டு அறைக்கதவைச் சாத்தினார். கட்டிலில் குப்புறப் படுத்தபடி போனில் தேடினார்: கழுதை கடித்தால் என்ன செய்வது?

முதலில் வந்த பக்கம் சுண்ணாம்பும் வெங்காயமும் அரைத்துப் பூசச் சொன்னது. அடுத்தது ஒரு வீடியோ. கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருவர், கழுதை கடித்தவர்களுக்கு நாற்பது நாளில் குரல் மாறும் என்றார். செபமாலை மெல்ல இருமிப் பார்த்தார். குரல் பழையபடிதான் இருந்தது. மூன்றாவதாக வந்தது 'கடி நிவாரணித் தைலம்'. வெள்ளைக் கோட்டுப் போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டிருந்தார். பெயர் இல்லை. ஆனால் கீழே சிவப்பு எழுத்தில், 'உங்கள் இரகசியம் காக்கப்படும்' என்று இருந்தது. அந்த ஒரு வரியில் செபமாலை விழுந்தார். இரகசியம் காப்பது எவ்வளவு பெரிய தொழில் என்று அவருக்குத் தெரியாதா?

முழுப் பெயர், பிறந்த திகதி, விலாசம், அடையாள அட்டை இலக்கம், என்ன கடித்தது என்று கேட்ட எல்லாவற்றையும் பதிவுத் தபால் படிவம் நிரப்புகிற கவனத்தோடு நிரப்பினார். பிறகு ஒரு செயலியை இறக்கச் சொன்னது. படங்களைப் பார்க்கலாமா? ஓம். இருக்கும் இடத்தை அறியலாமா? ஓம். தொடர்புகளைப் பார்க்கலாமா? வைத்தியர் தொடர்புகொள்ளத்தானே வேண்டும் என்று அதற்கும் ஓம். கடைசியாக, கடிபட்ட இடத்தைப் படம் எடுத்து அனுப்பச் சொன்னது.

அலுமாரிக் கண்ணாடிக்கு முன்னால் சாரத்தை உயர்த்திப் பிடித்து, கழுத்தை முறுக்கிக்கொண்டு போனை நீட்டியபோது அது கையிலேயே துள்ளத் தொடங்கியது.

வவுனியாவிலிருந்து மகள் ஜெனுஷா: 'அப்பா, கழுதை கடிச்சதோ??'

பங்குத்தந்தை: 'உங்களுக்காக மன்றாடுகிறேன். எந்த இடத்தில்?'

அவருடைய போனில் இருந்த முன்னூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் அந்தச் செயலி ஒரு செய்தி அனுப்பியிருந்தது: 'உங்கள் நண்பர் செபமாலை கழுதைக் கடிக்கு எமது தைலத்தைத் தெரிவுசெய்துள்ளார். நீங்களும் பயன்பெறுங்கள்.'

கதவைத் திறந்துகொண்டு அஞ்சலா தன் போனோடு வந்து நின்றாள். கண்ணாடியையும் பார்த்தாள், அவரையும் பார்த்தாள்.

"முதுகுப் பிடிப்பு இவ்வளவு கீழ இறங்கீட்டுதோ?"

சிரிக்கத் தொடங்கியவள் கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்துவிட்டாள். சிரிப்பு அடங்கக் காயத்தைப் பார்த்தாள். முகம் மாறியது.

"தோல் கிழிஞ்சிருக்கு. என்ன பூசினீங்கள்?"

"இன்னும் ஒண்டும் பூசேல்ல. தைலம் வரும்."

"அந்தத் தைலக்காரன் ஆர்? பேர் என்ன?"

"வைத்தியர்..." அஞ்சலா அவருடைய போனை வாங்கிப் படிவத்தைப் பார்த்தாள்.

"பேரில்லாத வைத்தியருக்கு உங்கட பேர், விலாசம், அடையாள அட்டை எல்லாம் குடுத்திருக்கிறீங்கள். எழுதினது ஆர், எப்ப எழுதினது, என்னத்தை விக்கிறான் எண்டு பாக்கிறேல்லையோ?"

அவளே தேடினாள். சுகாதாரத் திணைக்களத்தின் பக்கத்தை முதலில் வாசித்தாள். பிறகு அதோடு சம்பந்தமில்லாத ஒரு வெளிநாட்டு ஆசுப்பத்திரியின் பக்கத்தையும் பார்த்தாள்.

"ரெண்டும் ஒண்டைத்தான் சொல்லுது. ஓடுற தண்ணியில சவுக்காரம் போட்டுப் பதினைஞ்சு நிமிசம் கழுவ வேணும். கண்டதையும் பூசக்கூடாது. உடன ஆசுப்பத்திரிக்குப் போக வேணும். ரெண்டும் உங்கட பேரைக்கூடக் கேக்கேல்ல, கண்டியளோ?"

செபமாலை குழாயடியில் குனிந்து நிற்க, அஞ்சலா மணிக்கூட்டைப் பார்த்துப் பார்த்துக் கழுவினாள். ஒன்பதாவது நிமிடத்தில் போன் அடித்தது. பக்கத்து ஊரான தாராபுரத்திலிருந்து சங்கத் தலைவர் ஜமால்தீன். அஞ்சலா போனை அவருடைய காதில் பிடித்தாள்.

"அண்ணன், அந்தத் தைலத்த மட்டும் பூசிராதீங்க."

"உமக்கென்னண்டு தெரியும்?"

"போன வருசம் எனக்குத் தோள்ல ஒண்டு கடிச்சது. அதப் பூசி மூணு கிழமை கொப்புளம்."

"அப்ப ஞாயிற்றுக்கிழமை நான் பேசேக்க கைதட்டினீரே!"

"நீங்க நல்லாத்தானே அண்ணன் பேசினீங்க."

ஆசுப்பத்திரியில் தாதி ஸரீனா திரையை இழுத்து மூடிவிட்டு, குரலைத் தாழ்த்தி, என்ன கடித்தது என்று கேட்டாள். பெயரைக் கேட்டபோது செபமாலை நிமிர்ந்தார்.

"பேர் எதுக்கு?"

"அடுத்த ஊசி எப்ப எண்டு அட்டையில எழுத வேணும்."

அது நியாயமான காரணமாகப் பட்டது. சொன்னார். டொக்டர் காயத்தைப் பார்த்தார். முதல் ஊசி அன்றைக்கே போடப்பட்டது.

அன்று பின்னேரம் ஜெனுஷா போனிலேயே சொல்லச் சொல்ல, அவர் கொடுத்த அனுமதிகளை மீளப்பெற்றார், செயலியை அழித்தார், கடவுச்சொற்களை மாற்றினார். அடையாள அட்டை இலக்கத்தை மட்டும் திரும்ப வாங்க வழியில்லை. இனி அந்த இலக்கத்தைச் சொல்லி யார் பேசினாலும் நம்பவேண்டாம் என்றாள் மகள். கடியைவிட அதுதான் அவருக்கு அதிகம் எரிந்தது.

அடுத்த கூட்டத்தில் அவர் நின்றபடியேதான் பேசினார். கதிரையில் இருக்க இன்னும் ஏலாது.

"நான் போனமுறை பிழையாய்ச் சொல்லிப்போட்டன். பதிவில இல்லை எண்டா நடக்கேல்ல எண்டில்லை. ஒருத்தரும் சொல்லாமல் விட்டிருக்கலாம். கடி வாங்கின ஆக்கள் கையை உயர்த்துங்கோ."

ஜமால்தீனின் கை முதலில் எழுந்தது. பிறகு ஆறு கைகள். அவர்களில் ஒருவரும் ஊசி போட்டிருக்கவில்லை. டொக்டரிடம் ஒருமுறை கேட்டுவிடுவது என்று முடிவாயிற்று.

கழுதை கடித்தால் செய்யவேண்டியதை ஒரு துண்டுப்பிரசுரமாக அடிக்கவும் சங்கம் தீர்மானித்தது. எங்கே வாசித்தது, எந்தத் திகதியில் வாசித்தது என்பதை அடியில் போட்டு அஞ்சலா எழுதிக் கொடுத்தாள். செபமாலை அதை இரண்டு தரம் வாசித்து, ஒரு குறை சொன்னார்.

"மேல செயலாளரின்ர படம் ஒண்டு போட்டால் சனம் நம்பும்."

"போடலாம்" என்று அஞ்சலா போனைக் கையில் எடுத்தாள். "எந்தப் பக்கத்தை எடுக்கிறது?"