வழியில் இருக்கிறது பதில்

"நல்லா வேகமா இருக்கணும்," என்றார் கப்பல் கம்பெனி அதிகாரி, தன் வேலை முடிந்துவிட்டது என்பதுபோல நாற்காலியில் சாய்ந்துகொண்டு.

மேசையைச் சுற்றியிருந்தவர்கள் எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். மென்பொருளைச் சோதித்துப் பார்க்கும் டெஸ்டர் பெண் சிரிப்பை மறைக்கத் தண்ணீர் பாட்டிலை எடுத்தாள்.

"எவ்வளவு வேகம் சார்?"

அலுவலகத்தில் அவளுக்குப் பெயரே 'எவ்வளவு அக்கா'தான். மென்பொருள் என்ன செய்ய வேண்டும் என்று எழுதுவதற்கு வேறு ஆட்கள் இருந்தார்கள். அது எத்தனை விரைவாகச் செய்ய வேண்டும், எவ்வளவு கூட்டம் வந்தாலும் தாங்க வேண்டும், விழுந்தால் எப்போது எழ வேண்டும் என்று எழுதுவது அவள் பாடு. நான்-ஃபங்ஷனல் என்று இதற்குப் பெயர் வைத்த புண்ணியவான் யாரோ, பேரைக் கேட்டாலே ஒன்றுக்கும் உதவாத சமாசாரம் என்று தோன்றும். ஆனால் அவள் கறாரானவள். அளந்து பார்க்க முடியாத வார்த்தையை ஆவணத்துக்குள் விடமாட்டாள். 'சீக்கிரம்' என்று எழுதியிருந்தால் அடித்துவிட்டு, எவ்வளவு சீக்கிரம் என்று ஓரத்தில் கேள்வி போடுவாள்.

வீட்டுக்குப் போனால் அதே வார்த்தையை வைத்துக்கொண்டுதான் காலம் தள்ளினாள். கணவர் கப்பலில் எஞ்சினியர். ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் சீக்கிரம் வந்துடறேன் என்பார். ஊரையே குடைந்து எடுக்கிறவள், அவரிடம் மட்டும் எவ்வளவு சீக்கிரம் என்று கேட்டதில்லை. கேட்டால் உண்மையான பதில் வந்துவிடுமோ என்று பயம்.

இப்போது கையில் இருந்ததும் கப்பல் வேலைதான். நடுக்கடலில் இருப்பவர்கள் வீட்டோடு பேச ஒரு செயலி. குரல் செயற்கைக்கோள் வரை ஏறி இறங்குவதால் தாமதம் இருக்கும். எவ்வளவு தாமதம் வரை மனுஷர்கள் பொறுத்துக்கொள்வார்கள் என்று அவள் எழுதித் தரவேண்டும். மதியம் அவளும் டெஸ்டர் பெண்ணும் அடுத்தடுத்த அறைகளில் உட்கார்ந்தார்கள். நடுவே சத்தம் புகாத கண்ணாடிச் சுவர். கப்பலில் இருக்கும் அதே தாமதத்தை டெஸ்டர் பெண் கணினியில் வைத்தாள்.

ஏதாவது பேசவேண்டுமே. மேல்மாடிக்கு மாறப்போகும் அவளுடைய டீமில் தன்னையும் சேர்த்துக்கொள்வீர்களா என்று அந்தப் பெண் கேட்டாள். அவள் உடனே, "உன்னை விட்டுட்டு எப்படிம்மா போவேன்?" என்றாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அந்த முகம் காத்திருந்தது. பிறகு லேசாக வாடியது. பிறகு ஒரு சிரிப்பை ஒட்டவைத்துக்கொண்டு அந்தப் பெண் ஏதோ சொன்னாள். "சரிக்கா, சும்மாதான் கேட்டேன், விடுங்க" என்று அது இங்கே வந்து சேர்ந்தபோது அந்தப் பெண் வேறு பக்கம் திரும்பியிருந்தாள்.

"நான் சொன்னது கேக்கலையா?" என்று அவள் எழுந்துபோய் அந்த அறைக் கதவைத் திறந்தாள்.

"நீங்க ஒண்ணும் சொல்லலையேக்கா."

இருவரும் பதிவைப் போட்டுப் பார்த்தார்கள். பதில் உடனே கிளம்பியிருந்தது. அது போய்ச் சேரும் நேரத்தில் டெஸ்டர் பெண் பேசத் தொடங்கிவிட்டாள். இரண்டு குரலும் மோதினால் இரைச்சலாகும் என்று செயலி, வந்துகொண்டிருந்த குரலை அமுக்கிவிட்டது. எல்லாக் கப்பல் போன்களும் இப்படித்தான் செய்யும் என்றாள் டெஸ்டர் பெண். அதைக் கேட்டதும் அவளுக்குக் கணவரின் போன் நினைவுக்கு வந்தது.

போன மாதம் ஒரு நாள் தைரியத்தை எல்லாம் கூட்டிக்கொண்டு அவள் கணவரிடம் கேட்டுவிட்டிருந்தாள். இந்தத் தடவை இறங்கினா திரும்ப ஏறாதீங்களேன், இங்கேயே இருந்துடுங்களேன் என்று. அந்தப் பக்கம் பேச்சில்லை. அந்த மௌனத்தைத் தாங்கமுடியாமல், "சும்மாதான் கேட்டேன், விடுங்க" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ம், சரி" என்று வந்தது. அவருக்குக் கடல்தான் பெரிது, நாம் கேட்டிருக்கவே கூடாது என்று அன்றிலிருந்து மனதைக் கல்லாக்கிக்கொண்டிருந்தாள். அவரும் அதற்குப்பின் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. புது ஒப்பந்தத்தில் இந்த வாரக் கடைசிக்குள் கையெழுத்துக் கேட்கிறார்கள் என்று மட்டும் சொல்லியிருந்தார். அதற்கும் போட்டுடுங்க என்று சொல்லிவைத்திருந்தாள் இந்த மகராசி.

அன்று அவர் என்ன சொன்னாரோ. ஒன்றும் சொல்லாமலேயும் இருந்திருக்கலாம். எதுவானாலும் அவள் வாய்தான் அதை வழியிலேயே மறித்துவிட்டது. அவர் வேண்டும் என்று அவளுக்கு அந்த நிமிடம் இருந்த ஆசையை எந்த அளவாலும் அளந்திருக்க முடியாது.

மறுநாள் ஆவணத்தில் ஒரு புதுத் தேவையைச் சேர்த்தாள். எதிர்ப்பக்கம் பேச ஆரம்பித்தால், குரல் வந்து சேருவதற்கு முன்பே இந்தப் பக்கம் காத்திருப்பவரின் திரையில் ஒரு சின்ன விளக்கு எரிய வேண்டும். இது ஆகிற காரியமில்லை என்றார்கள். விளக்கும் அதே வானத்தைச் சுற்றித்தானே வரவேண்டும், குரலை முந்திக்கொண்டு வருமா? அவளுக்கே தெரியும், இப்படி எழுதுகிறவர்களை அவளே கிழித்திருக்கிறாள். கடைசியில், இருவர் குரலும் மோதினால் இரண்டையும் காப்பாற்றி ஒன்றன்பின் ஒன்றாகக் கேட்க வைக்க வேண்டும் என்று மாற்றி எழுதினாள்.

"இதுக்கு இவ்வளவு மெனக்கெடணுமா?" என்றார் அதிகாரி. "யாருமே புகார் சொன்னதில்லையே."

"கேக்காத வார்த்தைக்கு யார் சார் புகார் சொல்லுவாங்க?"

அவர், சரி, இருக்கட்டும் என்றார். ஆனால் அந்தச் செயலி கப்பலுக்குப் போய்ச்சேர மாதங்கள் ஆகும். கையெழுத்துக்கு அவ்வளவு நாள் இல்லை.

சாயங்காலம் கணவரின் போன் வந்தபோது சமையலறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். சாப்பாடு, உடம்பு, குழாய் ரிப்பேர் எல்லாம் பேசியாயிற்று. அவர் சட்டை ஒன்று மடியில் கிடந்தது. போன முறை விட்டுப்போனது, எத்தனையோ முறை துவைத்தாயிற்று.

"கையெழுத்துப் போட்டுட்டீங்களா?"

அவள் காத்திருந்தாள்.

"இன்னும் இல்ல."

"அன்னைக்கு நான் சும்மா கேக்கலைங்க. நிஜமாத்தான் கேட்டேன். இங்கேயே இருந்துடுங்க."

சொல்லிவிட்டு உடனே உள்ளங்கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். போனில் எஞ்சின் ஓசை மட்டும் ஒரே சீராக வந்தது. விடுங்க என்ற வார்த்தை தொண்டை வரை ஏறி வந்தது. அவள் கையை இன்னும் இறுக்கினாள். மடியிலிருந்த சட்டை நழுவித் தரையில் விழுந்தது. அதை எடுக்கக்கூட அவள் குனியவில்லை.