வெட்டுவதற்கென்று வைத்த காட்சி

போலந்தின் வூச் நகரத்து நெசவாலை ஒன்றைப் பற்றி 1974-இல் ஒரு ஆவணப்படம் எடுத்தோம். இயக்கியது வலேரியன். நான் படத்தொகுப்பு; படப்பிடிப்புக்கும் கூடப் போனேன். அப்போது எங்களுக்குள் ஒரு பழக்கம் இருந்தது. தணிக்கைக் குழு எதையாவது வெட்டாமல் விடாது. ஆகவே வெட்டுவதற்கென்றே காரமான ஒரு காட்சியை உள்ளே வைப்போம். அதை வெட்டிய திருப்தியில், நாங்கள் காப்பாற்ற நினைத்ததை விட்டுவிடுவார்கள்.

காப்பாற்ற நினைத்தது, வேலை முடிந்த பெண்கள் கறிக்கடை வரிசையில் பேசாமல் நிற்கும் நான்கு நிமிடம். வெட்டக் கொடுத்தது கெனொவேஃபாவை. தறி ஓட்டுகிறவள். ஓய்வூதியத்துக்கு இன்னும் ஒன்பது வருடம் இருந்தது.

"மேனேஜர் வீட்டு நாய்க்குக் கெடைக்கிற கறி எங்க புள்ளைங்களுக்குக் கெடைக்கல," என்றாள் கேமராவைப் பார்த்து.

"இன்னும் கொஞ்சம் சத்தமா சொல்லுங்கக்கா," என்றேன்.

"நெஜமாவே இதக் காட்டுவீங்களா தம்பி?"

"பின்ன? சும்மாவா எடுக்கிறோம்?"

திட்டம் பலித்தது. படத்தைப் பார்த்த குழுத் தலைவர், "அந்தப் பொம்பள பேச்சு மட்டும் வேணாம் தோழர். மத்ததெல்லாம் அருமை," என்றார். வலேரியன் மேசைக்கு அடியில் என் முழங்காலைத் தட்டினான்.

வெட்டிய துண்டு எப்போதும் எங்கள் குப்பைக் கூடைக்குத்தான் போகும். அன்று அவர், "அதை இங்க குடுத்துட்டுப் போங்க," என்றார். கிழிந்துவிட்டது என்றாவது சொல்லியிருக்கலாம். படம் கைவிட்டுப் போய்விடுமோ என்று பயம். உறையில் போட்டுக் கொடுத்தேன்.

மூன்றே வாரத்தில் கெனொவேஃபாவைத் தறியிலிருந்து எடுத்து, சாயப் பிரிவில் தரை கழுவப் போட்டார்கள்.

ஆலை மன்றத்தில் படம் திரையிட்ட அன்று, இருக்கிறதிலேயே நல்ல கோட்டைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். படம் முடிந்ததும் பின்வரிசைப் பெண்கள் ஆரம்பித்தார்கள்.

"ஏய் நட்சத்திரம், உன் மூஞ்சி எங்கடி?"

"மேனேஜரையே கிழிச்சேன்னு சொன்னா! தரை கழுவுறவ வாயப் பாரு!"

அவள் வெளியே தாழ்வாரத்தில் என்னைப் பிடித்தாள். "நான் சரியா பேசலயா தம்பி?"

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. பழக்கத்தைச் சொன்னேன். உறையையும் சொன்னேன்.



"அப்போ அவனுங்களுக்குத் தூக்கிப் போட்ட எலும்பு நான். அப்படித்தானே?"

தலையை ஆட்டினேன்.

"சரி. உள்ள வா. அதுங்க என்னைப் புளுகின்னு சிரிக்குதுங்க. எனக்குச் சொன்னத அங்க சொல்லு. வேற ஒண்ணும் வேணாம்."

உள்ளே மேடையில் வலேரியன் கேள்விகளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். முதல் வரிசையில் கட்சிச் செயலாளர் உட்கார்ந்திருந்தார். கெனொவேஃபா எனக்காகக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"கோட்டை எடுத்துட்டு வந்துர்றேன்கா," என்றேன்.

எடுத்து மாட்டிக்கொண்டு, பின்வாசல் வழியாக டிராமுக்குப் போய்விட்டேன்.